வசதி குறைந்த குடும்பங்களில் குழந்தைகளின் உடல் பருமன்: குடும்பம் சார்ந்த சிகிச்சைக்குப் படிப்படியான முழு வழிகாட்டி

மருத்துவ வசதி எளிதில் எட்டாத பகுதிகளில், 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளின் உடல் பருமனுக்குக் குடும்பத்தோடு சேர்ந்து சிகிச்சை நடத்தப் புதிதாகத் தொடங்கும் செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், பொது மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். குழந்தைக்கு ஓர் உணவுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, அதைக் கண்காணிக்கும் சுமையைத் தாயின் தலையில் ஏற்றுவதைக் குடும்பம் சார்ந்த சிகிச்சை என்று சொல்ல முடியாது. குழந்தையும், அதே வீட்டில் வாழும் பெரியவர் ஒருவராவதும், ஒரே காலத்தில் ஒரே பழக்கங்களை மாற்றிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர்.

புதிய பணியாளர்கள் தடுமாறும் இடங்களைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விஷயம் தெரிந்தே இருக்கிறது, வரிசைதான் மாறிவிடுகிறது. முதல் நாளே உணவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அந்த வீட்டில் மாதத்தின் கடைசி வாரத்தில் உணவே குறைவு என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிய வருகிறது. ஆகவே கீழுள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் ஆயத்தம்

முதலில் உங்கள் நேரத்தைக் கணக்கிடுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2017-இலும், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023-இலும் வெளியிட்ட பரிந்துரைகள், குடும்பத்துடன் மொத்தம் 26 மணி நேரமாவது தொடர்பு இருக்க வேண்டும் என்கின்றன. 2023 வழிகாட்டல் அதை 3 முதல் 12 மாதங்களுக்குள் பரப்பச் சொல்கிறது. இரண்டு அல்லது மூன்று சந்திப்புகளில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தொடங்கினால், பழக்கம் வேரூன்றும் முன்பே நீங்கள் விலகிவிடுவீர்கள்.

அத்தனை மணி நேரத்தையும் நீங்கள் ஒருவரே தர இயலாது என்பதால், அதே சமூகத்தைச் சேர்ந்த ஒரு பணியாளரையோ தன்னார்வலரையோ முன்கூட்டியே பயிற்றுவித்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் பேசும் மொழியிலேயே பேசக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையைக் குழந்தையிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். தன் உடலைப் பற்றிய செய்தியைத் தன் வாயாலேயே பெற்றோருக்குச் சொல்ல வைப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் கொடுமை.

எடைக்கருவி, உயரம் அளக்கும் பலகை, வெவ்வேறு அளவுள்ள இரத்த அழுத்தப் பட்டைகள், வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடங்கள், எழுத்துக் குறைவாகவும் படங்கள் மிகுதியாகவும் உள்ள பதிவேடு ஆகியவை தேவை. இவற்றைவிட முக்கியமானது, சிக்கலான நிலையில் குழந்தையை அனுப்பி வைக்க ஒரு மருத்துவருடன் முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு. அனுப்ப இடமில்லாமல் பரிசோதனை செய்வது குடும்பத்துக்கு அச்சத்தை மட்டுமே தரும்.

2. அளப்பதற்கு முன் கேட்பது

முதல் சந்திப்பில் எடைக்கருவியை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. இந்தக் குடும்பங்களில் பல, எடையைக் காரணமாகக் காட்டிப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஏற்கெனவே அவமதிக்கப்பட்டவை. “எங்களை மறுபடியும் திட்டத்தான் அழைத்திருக்கிறார்கள்” என்ற எண்ணத்தோடுதான் உள்ளே வருகிறார்கள்.

ஆகவே, “குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசலாமா?” என்று அனுமதி கேட்டுத் தொடங்குங்கள். “குண்டுக் குழந்தை” என்று சொல்லாதீர்கள். எடை என்பது குழந்தையிடம் உள்ள ஒரு நிலை, அதுவே குழந்தை ஆகிவிடாது. உறவினர்கள் வைத்த கேலிப் பெயரை வீட்டார் இயல்பாகப் பயன்படுத்தினாலும், நீங்கள் குழந்தையின் சொந்தப் பெயரைச் சொல்லியே அழையுங்கள். சில வாரங்களில் வீட்டாரும் அந்தப் பெயருக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

பின்பு அவர்களுடைய ஒரு நாளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுகிறார், யார் சமைக்கிறார், பள்ளி விட்டதும் குழந்தை யாருடன் இருக்கிறது, இரவு யார் எப்போது வீடு திரும்புகிறார் என்பவை எல்லாம் அதில் வந்துவிடும். இடைமறித்துத் திருத்தாதீர்கள். இந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் செய்திதான் பின்வரும் எல்லாப் படிகளுக்கும் அடித்தளம்.

3. சரியாக அளப்பது

இரண்டாம் சந்திப்பில், மற்றவர் பார்வை படாத இடத்தில் அளவெடுங்கள். எடைக்கருவியைக் கெட்டியான சமதளத்தில் வைத்து, சுழியம் காட்டுகிறதா என்று பார்த்து, காலணியும் கனமான உடையும் இல்லாமல் குழந்தையை அதன்மேல் நிற்க வையுங்கள். எண்ணை உரக்கப் படிக்காதீர்கள், எழுதிக்கொண்டால் போதும்.

உயரத்தில்தான் பிழை மிகுதியாக வருகிறது. குதிகால்கள் பலகையை ஒட்டியிருக்க, பார்வை நேராகவும், காதின் துளையும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டிலும் இருக்க வேண்டும். இரண்டு முறை அளந்து, வேறுபாடு அரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூன்றாம் முறையும் அளந்து பாருங்கள். பிஎம்ஐ எனப்படும் உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிடும்போது, கிலோவில் உள்ள எடை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்கப்படுவதால், உயரத்தில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிவிடும்.

பெரியவர்களுக்கான பிஎம்ஐ எல்லைகளைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துவது புதியவர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வளர்ச்சி அளவுகோலின்படி, 5 முதல் 19 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய நடுமதிப்பிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கு (வளர்ச்சி வரைபடத்தில் +1 என்று குறித்த கோடு) மேல் இருந்தால் கூடுதல் எடை, இரண்டுக்கு மேல் இருந்தால் உடல் பருமன். 85, 95 சதமான எல்லைகளை, அதாவது அதே வயதும் பாலினமும் உள்ள நூறு குழந்தைகளை பிஎம்ஐ வரிசையில் நிறுத்தினால் 85-ஆம், 95-ஆம் இடங்களை, பின்பற்றும் நாடுகளும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். இடையில் மாற்றினால் முன்னேற்றத்தை ஒப்பிட வழியில்லாமல் போகும்.

வரும் பெரியவரையும் அளக்க முடியுமா என்று கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்கிறார்கள். தாயோ தந்தையோ முதலில் எடைக்கருவியில் ஏறும்போது, தான் மட்டும் குற்றவாளி என்ற குழந்தையின் எண்ணம் அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

4. மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்களைப் பிரிப்பது

பழக்க மாற்றத்துக்கு முன், வேறு நோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சாதாரண உடல் பருமனில் குழந்தை பெரும்பாலும் தன் வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கும். எடை கூடிக்கொண்டே போக, உயரம் மட்டும் தேங்கி நின்றால் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறுகளைச் சந்தேகிக்க வேண்டும். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காத பசியும் மிகுந்த எடையும் இருந்தால் மரபணுக் காரணம் இருக்கலாம். ஸ்டீராய்டு, வலிப்பு மருந்துகளில் சில, மனநல மருந்துகளில் சில ஆகியவை எடையைக் கூட்டும் என்பதால், வீட்டிலுள்ள மருந்துகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்; ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இடையில் மூச்சு நின்று தொடரும் குறட்டை, பகலில் தூக்கம், பார்வை மங்கலோடு கூடிய தலைவலி, அடிக்கடி தாகமும் சிறுநீரும், கழுத்தில் கருமை படர்தல், ஒளித்து உண்பது, உண்டபின் வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, தன்னை வெறுத்துப் பேசுவது ஆகியவை மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை. குழந்தை நொண்டி நடந்து இடுப்புவலியோ முழங்கால் வலியோ சொன்னால் அதை “எடையால் வரும் வலி” என்று ஒதுக்காதீர்கள். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவும் நிலையில், வலி முழங்காலில் மட்டுமே தெரியக்கூடும். அன்றே, காலில் எடை ஊன்றாமல், அனுப்பப்பட வேண்டிய நிலை அது.

இரத்த அழுத்தம் எடுக்கும்போது குழந்தையின் கைக்கு ஏற்ற பட்டையைத் தேர்ந்தெடுங்கள். சிறிய பட்டை பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். 10 வயதும் அதற்கு மேலும் உள்ள, உடல் பருமன் கொண்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகிய இரத்தப் பரிசோதனைகளை 2023 வழிகாட்டல் பரிந்துரைக்கிறது.

5. உணவுப் பற்றாக்குறையை முதலில் கண்டறிவது

எல்லாப் படிகளிலும் அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான், அதனால் அதிகத் துன்பம் விளைவதும் இதில்தான். எடை கூடிய குழந்தை இருக்கும் வீட்டில் பசி இருக்காது என்று நினைப்பது பெரும் பிழை. கையில் பணம் உள்ள நாள்களில் வயிறு நிறைய உண்பதும், தீர்ந்த நாள்களில் மலிவானதும் வயிற்றை நிரப்புவதுமான மாவுப்பொருளையும் எண்ணெயையும் நம்புவதும், உணவு கிடைக்கும்போதே உண்டுவிட வேண்டும் என்று குழந்தை உடலால் கற்றுக்கொள்வதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

கேட்க இரண்டே கேள்விகள் போதும். கடந்த 12 மாதங்களில், கையில் மீண்டும் பணம் வருவதற்குள் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? வாங்கிய உணவு போதாமல், மேலும் வாங்கப் பணமும் இல்லாமல் போனதுண்டா? ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் பற்றாக்குறை இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முன்னால் கேட்காதீர்கள். “எல்லாக் குடும்பங்களிடமும் இதைக் கேட்கிறோம்” என்று முன்னுரை சொல்லுங்கள்; அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

விடை “ஆம்” எனில், உணவு உதவித் திட்டம், பள்ளி உணவு, சமூகச் சமையலறை என்று அந்தப் பகுதியில் கிடைப்பவற்றோடு குடும்பத்தை இணைப்பதே முதல் சிகிச்சை. விண்ணப்பத்தை அவர்களோடு அமர்ந்து நிரப்புங்கள். தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது பெரும்பாலும் நிரப்பப்படாமலேயே கிடக்கும். இந்தக் கட்டம் முடியும்வரை அளவு குறைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பணியாளர், நல்ல எண்ணத்தோடுதான், ஒரு தாயிடம் தினமும் பழங்களும் கொட்டைகளும் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அந்தத் தாய் தலையாட்டிவிட்டுச் சென்றார், திரும்ப வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் வீடு தேடிச் சென்றபோது, “நீங்கள் சொன்னதைச் செய்ய முடியவில்லை, எந்த முகத்தோடு வருவேன்?” என்று கேட்டார். செய்ய முடியாத அறிவுரை, குடும்பத்தைச் சிகிச்சையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. அன்றிலிருந்து, இந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்படாத பதிவேட்டில் எந்த உணவு அறிவுரையும் எழுதக் கூடாது என்பதை எங்கள் விதியாக வைத்திருக்கிறேன்.

6. பங்கேற்கும் பெரியவரைத் தேர்வது

பதிவேட்டில் தாயின் பெயர் இருப்பதால் தாயையே அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் உணவு வாங்குபவர் தந்தையாகவும், சமைப்பவர் பாட்டியாகவும், மாலையில் உடனிருப்பவர் மூத்த அக்காவாகவும் இருக்கலாம். முதல் சந்திப்பில் கேட்ட நாளின் கதையை எடுத்து, வாங்குவது யார், சமைப்பது யார், பரிமாறுவது யார் என்று குறியுங்கள். இவர்களில் தொடர்ந்து வரக்கூடியவர் பங்கேற்பாளர். மற்றவர்களிடம் குறைந்தது ஒரு முறையாவது நேரில் பேச வேண்டும்.

பாட்டியையும் தாத்தாவையும் எதிராளிகளாக்கிவிடாதீர்கள். பசியைக் கண்ட தலைமுறைக்கு, பேரக்குழந்தையின் கையில் தின்பண்டம் கொடுப்பது அன்பின் மொழி. “கொடுக்காதீர்கள்” என்பதற்கு மாறாக, அந்த அன்பைக் காட்ட வேறொரு வழியை அவர்களிடமே கேளுங்கள். கதை சொல்வதும், சேர்ந்து நடப்பதும், சமையலில் உதவி கேட்பதும் அவர்கள் சொன்னவையே.

குழந்தை வர மறுத்தாலோ, வர இயலாவிட்டாலோ சிகிச்சையை நிறுத்த வேண்டியதில்லை. பெற்றோர் மட்டுமே அமர்வுகளுக்கு வந்து வீட்டில் மாற்றம் செய்யும் முறை, குழந்தையும் சேர்ந்து வரும் முறைக்குக் குறைந்ததன்று என்பதை சான் டியாகோவில் கெர்ரி பூட்டெல் குழுவினர் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குழந்தையை அழைத்துவரும் போக்குவரத்துச் செலவே தடையாக இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல்.

7. பெரியவரின் பதிவு, பிறகே குழந்தையின் பதிவு

முதல் இரண்டு வாரங்களுக்கு எந்த மாற்றமும் கேட்காதீர்கள். பெரியவர் தன் சொந்தப் பழக்கத்தைப் பதிவு செய்தால் போதும்: இன்று இனிப்புப் பானம் எத்தனை முறை, காய்கறி எத்தனை முறை, எத்தனை நிமிடம் நடந்தேன், திரையின் முன் எவ்வளவு நேரம். கோடு போட்டு எண்ணும் படப் பதிவேடாக இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம்.

பெரியவரை முன்னிறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பதிவு செய்வது எவ்வளவு கடினம் என்பதைத் தானே உணர்ந்தவர், குழந்தை ஒரு நாள் மறந்தால் கடிந்துகொள்ள மாட்டார். அடுத்து, குழந்தை சொல்வதைவிடச் செய்வதைப் பார்த்தே கற்கிறது. லெனார்ட் எப்ஸ்டைன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட பத்தாண்டுத் தொடராய்வில், பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து மாற்றத்துக்கு உட்பட்ட பிரிவின் குழந்தைகளே நல்ல நிலையில் இருந்தனர்.

பதிவேடு வெறுமையாகத் திரும்பி வந்தால் ஏமாற்றத்தை முகத்தில் காட்டாமல், எந்த நாளில் எந்த நேரத்தில் எழுத முடியாமல் போனது என்று கேட்டு, ஏழு நாளை இரண்டு நாளாகக் குறையுங்கள். இரண்டு நாளின் உண்மையான பதிவு, ஏழு நாளின் கற்பனைப் பதிவைவிட மதிப்புள்ளது.

8. முதல் இலக்கு இனிப்புப் பானம்

ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்களைக் கேட்டால் ஒன்றும் நடக்காது. முதல் இலக்காக நான் எப்போதும் பானத்தையே வைக்கிறேன். அதைக் குறைத்தால் வயிறு வெறுமையாவதில்லை, சமையலை மாற்ற வேண்டியதில்லை, செலவும் குறைகிறது. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை என்று லேபிள் சொன்னால், 300 மில்லிலிட்டர் புட்டியில் 30 கிராம், அதாவது ஏழரைத் தேக்கரண்டி. அந்த அளவுச் சர்க்கரையைக் குழந்தையையே ஒரு குவளையில் அளந்து போடச் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் அதற்கு முன், வீட்டில் குடிக்கத் தகுந்த தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத இடத்தில் குடும்பம் பானம் வாங்குவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கொதிக்க வைக்கவோ வடிகட்டவோ வழிசெய்யாமல் பானத்தை நிறுத்தச் சொல்வது பொறுப்பின்மை.

“இனிமேல் கிடையாது” என்ற இலக்கும் வேண்டாம். நாளுக்கு மூன்று முறை என்றால் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு வாரத்துக்கு இரண்டு. பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பல வீடுகளில் ஒரு பானத்தின் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

9. உணவை மூன்று நிறங்களாகப் பிரிப்பது

எப்ஸ்டைன் குழுவினர் பயன்படுத்திய போக்குவரத்து விளக்கு முறை, எழுத்தறிவு குறைந்த வீடுகளிலும் நன்றாக வேலை செய்கிறது. காய்கறிகளும் பெரும்பாலான பழங்களும் பச்சை. அன்றாடத் தேவையான, ஆனால் அளவு பார்க்க வேண்டியவை மஞ்சள். சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்து சத்துக் குறைந்தவை சிவப்பு. வாரத்துக்குச் சிவப்பு எத்தனை முறை என்று எண்ணி, அதை மெல்லக் குறைப்பதே வேலை. கலோரி கணக்கு இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

பட்டியலை நீங்கள் தயாரித்துக் கொடுக்காதீர்கள். சென்ற வாரம் அந்த வீட்டில் உண்மையாகச் சமைத்தவற்றைச் சொல்லச் சொல்லி, அவற்றையே குழந்தையும் பெரியவரும் நிறம் பிரிக்கட்டும். அச்சிட்ட பட்டியலில் தங்கள் அடுப்பில் வேகும் உணவு ஒன்றும் இல்லாதபோது, தங்கள் உணவே தவறு என்ற முடிவுக்குக் குடும்பம் வந்துவிடும். பாரம்பரிய உணவில் பச்சை நிறத்துக்குரியவை பல இருக்கும். அவற்றை முதலில் சுட்டிக்காட்டுங்கள். சிவப்பு என்பதற்கு “கெட்டது” என்று பொருள் சொல்லாமல், “எப்போதாவது உண்பது” என்று சொல்லுங்கள்.

10. வீட்டை ஒழுங்கமைப்பது

குழந்தையின் மனஉறுதியை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. கண்முன் இருக்கும் தின்பண்டத்தை மறுப்பது பெரியவருக்கே கடினம். சிவப்பு உணவை வீட்டில் சேமித்து வைக்காமல், உண்ணும் நாளில் உண்ணும் அளவு மட்டும் வாங்குவது, தண்ணீரைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பது, பாத்திரத்தை நடுவில் வைக்காமல் தட்டிலேயே பரிமாறுவது, உண்ணும்போது திரையை அணைப்பது ஆகியவை பணம் கேட்காத மாற்றங்கள். இவை வீட்டிலுள்ள அனைவருக்கும் பொருந்த வேண்டும். மெலிந்த தம்பிக்குத் தின்பண்டமும் அண்ணனுக்கு மறுப்பும் என்றால், ஒளித்து உண்ணும் பழக்கம் அன்றே தொடங்கிவிடும்.

என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் தீர்மானிக்க, அதில் எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை தீர்மானிக்கும் பொறுப்புப் பகிர்வை அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்தார். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வற்புறுத்தும் வீடுகளில் இதை மெதுவாகத்தான் கொண்டுவர வேண்டும். உணவு வீணாவது அவர்களுக்கு உண்மையான இழப்பு. எனவே முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் கொடுக்கச் சொல்லுங்கள். வீணாவதும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை.

11. பாராட்டும் வெகுமதியும்

நடத்தையைப் பாராட்டுங்கள், எடையை அல்ல. “இன்று நீயாகவே தண்ணீர் எடுத்துக் குடித்தாய்” என்பது குழந்தை மறுநாளும் செய்யக்கூடிய ஒன்று. எடை அதன் கட்டுப்பாட்டில் இல்லை. வெகுமதி உணவாகவும் பணமாகவும் இருக்க வேண்டாம். பெரியவரோடு விளையாடும் அரைமணி நேரம், அன்றைய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போன்றவை போதும். கொடுக்க இயலாததை வாக்களிக்கக் கூடாது என்பதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒரு முறை முறிந்த வாக்கு, பத்து வாரப் பதிவேட்டை வீணாக்கிவிடும்.

12. அசைவு, திரை, தூக்கம்

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. முதல் நாளே 60 கேட்காதீர்கள். இப்போது 10 நிமிடம் என்றால் 15 கேளுங்கள். தெரு பாதுகாப்பற்றது என்று தாய் சொன்னால் அதை நம்புங்கள். வீட்டுக்குள் ஆடுவது, படியேறுவது, வேறு குடும்பங்களோடு சேர்ந்து கும்பலாக நடப்பது என்று அவரோடு சேர்ந்தே வழி தேடுங்கள். திரை நேரத்தைக் குறைக்கச் சொல்லும் முன், அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். வேலைக்குச் செல்லும் ஒற்றைப் பெற்றோருக்குத் திரைதான் காவலாளி.

6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஒரே அறையில் அனைவரும் உறங்கும் வீட்டில், குழந்தை உறங்கும் நேரத்துக்குப் பெரியவர்களின் திரையும் விளக்கும் அடங்க வேண்டியிருக்கும். இதுவும் குடும்பத்தின் இலக்குத்தான்.

13. அமர்வுகளின் ஒழுங்கும் வராத குடும்பங்களும்

முதல் இரண்டு மாதங்கள் வாரந்தோறும், பின்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்பு மாதம் ஒருமுறை என்ற ஒழுங்கு எங்களுக்குப் பொருந்தியது. சென்ற வாரப் பதிவைப் பார்ப்பது, நடந்ததைப் பாராட்டுவது, நடக்காததற்கு வழி தேடுவது, ஒரே ஒரு புதிய இலக்கை முடிவு செய்வது என்று ஒவ்வொரு அமர்வும் ஒரே வடிவில் செல்லட்டும். பாதி அமர்வைக் குழுவாக நடத்தினால், உங்களிடம் கேட்கத் தயங்குவதைப் பெற்றோர் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

வேலை நேரத்தில் அமர்வு வைத்துவிட்டு, வராதவர்களை “அக்கறை இல்லாதவர்கள்” என்று குறிப்பெழுதுவது அநீதி. ஒரு நாள் கூலியை இழந்துதான் அவர்கள் வர முடியும். மாலையிலும் விடுமுறை நாளிலும் வையுங்கள். சிறிய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துங்கள். இயலாதபோது தொலைபேசியில் இருபது நிமிடம் பேசுங்கள். ஓர் அமர்வைத் தவறவிட்டால் இரண்டு நாளுக்குள் அழைத்து, நலம் மட்டும் விசாரியுங்கள்.

14. முன்னேற்றத்தை அளப்பதும், எடை அசையாதபோது செய்வதும்

வளரும் குழந்தைக்கு எடை குறைவது மட்டுமே வெற்றி என்று எண்ணாதீர்கள். 130 சென்டிமீட்டர் உயரமும் 38 கிலோ எடையும் உள்ள குழந்தையின் பிஎம்ஐ ஏறத்தாழ 22.5. எடை அப்படியே நிற்க, உயரம் 136 ஆனால் அது 20.5 ஆகிறது. ஒரு கிலோவும் குறையாமல் குழந்தை நல்ல திசையில் சென்றிருக்கிறது. எடைக்கருவியை மட்டும் பார்க்கும் பெற்றோர் இதைத் தோல்வி என்று எண்ணிக் கைவிடுவார்கள் என்பதால், வளர்ச்சி வரைபடத்தை ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குக் காட்டி விளக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் மாற்றமே இல்லையென்றால், புதிய அறிவுரை சேர்க்கும் முன் ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் திரும்புங்கள். வேலை போயிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், சமைப்பவர் வேறொருவராகியிருக்கலாம். பட்டினி போடுவது, உணவு வேளையைத் தவிர்ப்பது, விளம்பரப் பொடிகள் ஆகியவற்றில் குடும்பம் இறங்கியிருந்தால் உடனே நிறுத்தச் செய்யுங்கள். எடை வேகமாகக் குறைவதும் மருத்துவரிடம் அனுப்பக் காரணம்தான். முழுமையாக முயன்றும் கடுமையான பருமன் தொடர்ந்தால், மருந்து முதலிய அடுத்தகட்டச் சிகிச்சைகளை மருத்துவர் ஆராய்வார். அதைக் குடும்பத்தின் தோல்வியாகச் சொல்லாதீர்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களின் மாற்றத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். 452 குழந்தைகளோடு முதல்நிலை மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், பெற்றோரின் எடையும், சிகிச்சையில் நேரடியாகச் சேராத உடன்பிறந்தோரின் எடையும்கூட மேம்பட்டிருந்தன. தன் முயற்சி தம்பி தங்கைகளையும் காக்கிறது என்று அறியும் தாய் எளிதில் பின்வாங்குவதில்லை.

15. விலகாமல் விலகுவது

இலக்கு எட்டியதும் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். கடைசி மூன்று அமர்வுகளை, எது கையை மீறும் என்று முன்கூட்டியே பேசுவதற்கு ஒதுக்குங்கள்: நீண்ட விடுமுறை, வீட்டில் நோய், வருமானம் நின்ற மாதம், குழந்தை பள்ளி மாறுவது. ஒவ்வொன்றுக்கும் குடும்பம் தானே ஒரு திட்டம் சொல்லட்டும். அதைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் படமாகவோ எழுத்தாகவோ வைத்துக்கொள்ளட்டும்.

அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வரச் சொல்லுங்கள். அந்த நாள்களில் வரைபடத்தின் புதிய புள்ளியைப் பெரியவரே தம் கையால் குறிக்கட்டும். கோடு இரண்டு முறை தொடர்ந்து மேல்நோக்கித் திரும்பினால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை, அவர் புள்ளி வைக்கும் அதே தாளின் ஓரத்தில் பெரிய இலக்கங்களில் எழுதி வையுங்கள்.